கிளிஞ்சல் மேட்டைச் சுற்றி ஒரு நடை: வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டில் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர் நடப்பதற்கு ஏற்ற இடங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரின் மேற்கு விளிம்பில் இருக்கும் கொயோட்டி ஹில்ஸ் வட்டாரப் பூங்காவைக் குறித்து இரண்டே வரிகள் சேர்த்திருந்தேன். மற்ற எல்லா இடங்களையும் விட அந்த இரண்டு வரிகளுக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தப் பூங்காவுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மதுரையிலிருந்து என் பெற்றோர் மே மாதம் எங்களிடம் வருகிறார்கள். அப்பாவுக்கு வயது 70. முழங்கால் வலி உண்டு; ஆனால் ஒரு நாள் நடக்காவிட்டாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. அந்தப் பூங்காவில் அவரால் நடக்க முடியுமா? (ஃப்ரீமான்ட் வாசகி)

பதில்: தாராளமாக முடியும். எந்தப் பக்கம் நடப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கிழக்குக் கரையில், தட்டையான சதுப்பு நிலத்தின் நடுவே, தீவைப் போல எழுந்து நிற்கும் ஒரு சிறு குன்றுத் தொடர்தான் இந்தப் பூங்காவின் முதுகெலும்பு. குன்றுகளுக்குக் கிழக்கே கோரையும் சம்பும் அடர்ந்த நன்னீர்ச் சதுப்பு; மேற்கே உப்பளங்களும் விரிகுடாவும். இவை எல்லாம் சேர்ந்து 1,200 ஏக்கருக்கு மேல் வரும். 1934இல் தொடங்கப்பட்ட கிழக்கு விரிகுடா வட்டாரப் பூங்கா மாவட்டம் என்ற பொது அமைப்பு இதைப் பராமரிக்கிறது. பொதுமக்களுக்கு இது திறந்துவிடப்பட்ட ஆண்டு 1967.

அங்கு போகிற எல்லோரும் முதலில் சொல்வது பேவியூ தடத்தைத்தான். குன்றுத் தொடரை முழுவதுமாகச் சுற்றிவரும் மூன்றரை மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தார்ப்பாதை அது. நடப்பதற்கு எளிது என்று சொன்னாலும் மேற்குப் பக்கத்தில் ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் முழங்கால் முரண்டு பிடிக்கும் என்பது உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்கும். முதல் சில நாட்கள் அவரைக் கிழக்குப் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். பார்வையாளர் மையத்துக்கு எதிரே தொடங்கி, சதுப்பின் மேலாகவே செல்லும் மரப்பலகைப் பாதையும், அதைத் தொடர்ந்து சமதளத்தில் பிரியும் தடங்களும் அவருக்கு ஏற்றவை. ஒன்றின் பெயர் துய்புன், இன்னொன்றின் பெயர் சோச்சென்யோ. முன்னது இங்கே வாழ்ந்த மக்களின் பெயர். பின்னது அவர்கள் பேசிய மொழியின் பெயர். இந்த இரண்டு பெயர்களுக்குள் என்ன இருக்கிறது என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

கால் பழகிய பிறகு பேவியூவுக்குப் போகலாம். முழுச் சுற்று வேண்டாம் என்றால் வடக்கு முனை வரை போய்த் திரும்பிவிடலாம். அப்பாவுக்கு அதுவும் போதாது என்றால், பூங்காவின் வடக்கு எல்லையை ஒட்டி அலமேடா ஓடைக் கரைப் பாதை இருக்கிறது. சாப்ளின் 1915இல் படம் எடுத்த நைல்ஸ் பகுதியில் தொடங்கி, விரிகுடா வரை ஏறத்தாழ 12 மைல் தூரம், ஒரு மேடுகூட இல்லாமல் நீண்டு கிடக்கும் பாதை அது. தென்கரைப் பாதை தார் போட்டது. வடகரை குதிரையில் போகிறவர்களுக்கும் உதவும் மண்பாதை.

குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது நிழல். சதுப்பிலும் குன்றிலும் நின்று இளைப்பாற மரம் கிடைப்பது அரிது. பிற்பகலில் விரிகுடாவிலிருந்து காற்று வேறு பலமாக வீசத் தொடங்கிவிடும். முதன்முறை நான் மூன்று மணிக்குப் போய், தொப்பியை உப்பளத்துக்குத் தானம் செய்துவிட்டுத் திரும்பினேன். காலை எட்டு மணி வாக்கில் கிளம்புங்கள். வெயில் காலமாக இருந்தாலும் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கையோடு இருக்கட்டும்.

கேள்வி: நடைப்பயிற்சிக்கு நல்ல இடம் என்கிறீர்கள், சரி. ஆனால் ‘வரலாறு உள்ள இடம்’ என்றும் எழுதியிருந்தீர்கள். கோவில் இல்லை, கோட்டை இல்லை. இருநூற்றைம்பது வயதைச் சுற்றி நிற்கும் ஒரு தேசத்தில், அதுவும் வெறும் புல் மேட்டில் என்ன வரலாறு? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பெரிய கோவிலின் நிழலில் வாழ்கிறவர் இப்படிக் கேட்பது இயல்புதான். வரலாறு என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒன்று என்று நமக்குப் பழகிவிட்டது. கொயோட்டி ஹில்ஸில் அது தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. தெரிந்து போனால்தான் கண்ணில் படும்.

சதுப்பின் நடுவே வேலி போட்டுக் காக்கப்படும் ஒரு மேடு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர் வயல் நடுவே இருக்கும் களத்துமேடு போலத்தான் தெரியும். இராஜராஜன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு மனிதர்கள் குடியிருந்தார்கள். மேட்டின் வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். ஓலோனி என்று இன்று பொதுவாக அழைக்கப்படும் பழங்குடி மக்களில் துய்புன் பிரிவினர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, விரிகுடாவில் எடுத்த சிப்பியையும் மட்டியையும் உண்டு, ஓடுகளை அங்கேயே விட்டு, அதன் மேலேயே வீடு கட்டி, தங்கள் இறந்தோரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். கிளிஞ்சலும் சாம்பலும் மண்ணும் அடுக்கடுக்காகச் சேர்ந்து உயர்ந்ததுதான் அந்த மேடு. பழைய ஆய்வாளர்களில் சிலர் இத்தகைய மேடுகளைக் குப்பை மேடுகள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். முன்னோரின் எலும்புகள் உறங்கும் இடத்தை அப்படி அழைப்பதை அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஏற்பதில்லை. ஏற்காததில் நியாயம் இருக்கிறது. விரிகுடாவைச் சுற்றி நூற்றுக்கணக்கில் இருந்த கிளிஞ்சல் மேடுகளில் மிகப் பெரும்பாலானவை சாலைக்கும் கட்டடத்துக்கும் அடியில் போய்விட்டன. தப்பித்த சிலவற்றைத் தன்னிடம் வைத்திருப்பதே இந்தப் பூங்காவின் முதல் பெருமை.

பார்வையாளர் மையத்துக்குள் சென்றால் ஒரு கோரைப் படகைப் பார்க்கலாம். ஓலோனி மக்களின் முறைப்படி பூங்காப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து கட்டியது. அந்த ஊரில் ‘டூலி’ என்று அழைக்கப்படும் புல், நம் ஊர்ப் பாய்க்கோரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை அறுத்து, காயவைத்து, ஆள் உயரத்துக்கும் நீளமான கட்டுகளாகக் கட்டி, அந்தக் கட்டுகளை ஒன்றோடொன்று பிணைத்தால் படகு. ஒரு பலகை இல்லை, ஓர் ஆணி இல்லை. எப்படி மிதக்கிறது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. வெளியே வந்து நடக்கும்போது பலகைப் பாதையின் மேல் முறிந்து விழுந்து கிடந்த காய்ந்த தண்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். வெளியே மெழுகு பூசியது போல வழவழப்பான தோல். உள்ளே, உங்கள் தஞ்சாவூரில் நெட்டிச் சிற்பம் செய்வார்களே, அந்த நெட்டியைப் போலவே வெள்ளையான, காற்றறைகள் நிறைந்த சோறு. விரலால் அமுக்கினால் அமுங்கி, மெல்ல மீண்டு எழுகிறது. அந்தக் காற்றுதான் படகைச் சுமக்கிறது. அதே கோரையால்தான் வீட்டுக்குக் கூரை, தரைக்குப் பாய் எல்லாம். படகில் மெல்ல நீர் ஏறும். ஏறி ஊறிவிட்டால் சதுப்பிலேயே விட்டுவிட்டு அடுத்த படகைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த வாழ்க்கை முடிவுக்கு வந்த கதை சுருக்கமானது, கொடியதும் கூட. 1797 ஜூன் 11 அன்று ஸ்பானியப் பாதிரிமார் இங்கிருந்து சில மைல் தொலைவில் மிஷன் சான் ஹோசே என்ற சமயக் குடியிருப்பை நிறுவினார்கள். சுற்றுவட்டாரத்து ஓலோனி மக்கள் அங்கே கொண்டுவரப்பட்டு, புதிய சமயத்துக்கும் வயல் வேலைக்கும் உட்படுத்தப்பட்டார்கள். 1806இல் கலிஃபோர்னியாவின் மிஷன்களில் பரவிய தட்டம்மை, அந்நோயை முன்பின் அறியாத உடல்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. 1925இல் ஆல்ஃபிரட் குரோபர் என்ற புகழ்பெற்ற மானுடவியல் அறிஞர், இம்மக்கள் நடைமுறையில் அழிந்தேபோனார்கள் என்று எழுதினார். அவர் அப்படி எழுதிய நாளிலும் அவர்களின் குடும்பங்கள் அதே பகுதியில்தான் வாழ்ந்துகொண்டிருந்தன. இன்றும் வாழ்கின்றன. இதே பூங்காவில் அக்டோபர் மாதத்தில் ஓலோனி மக்கள் ஒன்றுகூடி, கூடை முடைதலையும் பாட்டையும் மொழியையும் பொதுமக்கள் முன் வைக்கும் நிகழ்ச்சி பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. சோச்சென்யோ என்ற தடப் பெயரைப் படிக்கும்போது அது செத்த மொழி ஒன்றின் நினைவுப் பலகை என்று எண்ணிவிட வேண்டாம். அதை மீண்டும் கற்றுப் பேச முயல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதன் பிறகு இந்த நிலத்தின் கதை வேறு வேறு திசைகளில் ஓடுகிறது. 1849இல் தங்கம் தேடி இண்டியானாவிலிருந்து வந்து, தங்கம் கைகூடாமல் உழவில் இறங்கிய ஜார்ஜ் பேட்டர்சன் இப்பகுதியில் பெருநிலக்கிழார் ஆனார். பூங்காவுக்குள் செல்லும் சாலை அவருடைய குடும்பத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1950களில், சோவியத் விமானங்கள் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் விரிகுடாவைச் சுற்றி, விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் நைக்கி ஏவுகணைகளின் தளங்கள் அமைக்கப்பட்டபோது இந்தக் குன்றிலும் ஒன்று வந்தது. தளம் கைவிடப்பட்ட பின், 1960களில் அங்கே குடியேறியவை கடற்சிங்கங்கள் என்றால் நம்புவீர்களா? அட்மிரல் பேர்டின் அண்டார்க்டிகப் பயணத்தில் இரண்டாம் நிலைத் தலைவராக இருந்த தாமஸ் பூல்டர் என்ற விஞ்ஞானி, வௌவால்களைப் போலக் கடற்சிங்கங்களும் எதிரொலியைக் கொண்டு இரை தேடுகின்றனவா என்று ஆராய்வதற்கு இங்கே ஓர் ஆய்வுக்கூடம் நடத்தினார். ஏவுகணைக்கு வெட்டிய மண்ணில் கடற்சிங்கத்தின் குரல் கேட்ட இடம் உலகில் வேறு எங்காவது இருக்குமா என்பது சந்தேகம்தான்.

கேள்வி: அந்த மேட்டின் மேல் ஏறிப் பார்க்கலாமா? (கோவை வாசகி)

பதில்: நீங்களாகப் போக முடியாது, வேலி பூட்டியிருக்கும். பூங்காவின் இயற்கைநல வழிகாட்டிகள் அறிவிக்கும் நாட்களில், அவர்களோடு குழுவாகச் செல்லலாம். உள்ளே ஓலோனி முறைப்படி மீண்டும் கட்டப்பட்ட கோரை வீடும், நிழற்பந்தலும், நெருப்பு மூட்டி அந்தச் சூட்டில் வியர்க்க அமர்வதற்கென நிலத்தில் பாதி புதைந்ததுபோல் அமைந்த வியர்வை இல்லமும் இருக்கின்றன. நாட்கள் மாறிக்கொண்டே இருக்குமாதலால் பூங்கா மாவட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பார்வையாளர் மையமும் வாரத்தின் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. ஒரு திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

கேள்வி: சான்ஃபிரான்சிஸ்கோவில் விமானம் இறங்கும்போது கீழே ரோஜா நிறத்திலும் செங்கல் நிறத்திலும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் தெரிந்தது. உப்பளம்தான் என்று என் மகன் சொன்னான். நம் ஊர் உப்பளம்தானே, அங்கேயும் அதே முறைதானா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: முறை ஒன்றுதான், வேகம்தான் வேறு. கடல்நீரை அகலமான பாத்திகளில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, வெயிலும் காற்றும் நீரைக் குடித்த பிறகு மிஞ்சுகிற உப்பை வாருவதுதான் அங்கும் நடக்கிறது. ஆனால் உங்கள் ஊர் வெயில் சில வாரங்களில் செய்து முடிக்கிற வேலைக்கு, விரிகுடாவிலிருந்து முதல் பாத்திக்குள் நுழைந்த நீர் கடைசிப் பாத்தியில் உப்பாக உறைவதற்கு, அங்கே சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. குளிரும் மழையும் கலந்த தட்பவெப்பம் அது. நிறத்துக்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: நீரின் உப்பு ஏற ஏறச் சாதாரணப் பாசி மடிந்து, மிகுந்த உப்பிலும் வாழவல்ல டுனாலியெல்லா என்ற பாசியும் உப்பு விரும்பும் நுண்ணுயிர்களும் பெருகும், அவற்றின் நிறமிதான் நீரைச் சிவக்க வைக்கிறது.

பேவியூ தடத்தின் மேற்குப் பக்கம் நடந்தால் இந்த உப்பளங்கள் காலடியில் விரியும். ஆனால் விமானத்திலிருந்து பார்த்த சிவப்பை அங்கே எல்லா நாளும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பாத்தியில் உப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சாம்பலும் பச்சையுமாகவும் இருக்கும். இந்தக் கரையில் வணிகத்துக்காக உப்பு எடுப்பது 1854இலேயே தொடங்கிவிட்டது. ஒருகாலத்தில் அலை ஏறி இறங்கிய சதுப்பின் பெரும்பகுதி இப்படித்தான் கரை கட்டி அடைக்கப்பட்டது. இப்போது திருப்பித் தரும் காலம். 2003இல் தென் விரிகுடாவில் 15,100 ஏக்கர் உப்பளம் அரசால் வாங்கப்பட்டு, கரைகள் சிறிது சிறிதாக உடைக்கப்பட்டு, அலை மீண்டும் உள்ளே விடப்படுகிறது. உப்பளக்காரர் ஒருவர் அந்தக் காட்சியை எப்படிப் பார்ப்பார் என்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.

பறவைகளைப் பார்த்தால் ஊரில் இருப்பது போலவே இருக்கும். கூழைக்கடா, நீர்க்காகம், பெரிய வெண்கொக்கு, பவளக்காலி, கோணமூக்கு உள்ளான் ஆகியவற்றின் அமெரிக்கச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாத்தியில் நிற்பார்கள்.

கேள்வி: எட்டு வயதும் ஐந்து வயதுமாக இரண்டு பேரப்பிள்ளைகள். ஊஞ்சல், சறுக்கு இல்லாத பூங்காவில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? (திருச்சி வாசகி)

பதில்: சறுக்கு இல்லைதான். கைப்பேசியைக் கொடுக்காமல் பலகைப் பாதையில் அரைமணி நேரம் நிறுத்திப் பாருங்கள். கோரைக்குள்ளிருந்து தோளில் சிவப்புப் பட்டை வைத்த கருங்குருவி ஒன்று தண்டின் உச்சிக்கு ஏறி, தண்டு வளைய வளையக் கத்தும். பார்வையாளர் மையத்துக்கு அருகில் உள்ள மலர்த் தோட்டத்தில் பட்டாம்பூச்சியும், பறந்துகொண்டே ஒரே இடத்தில் நிற்கும் ரீங்காரச்சிட்டும் வரும்.

பெரியவனுக்கு ரெட் ஹில் பாறையைக் காட்டுங்கள். செர்ட் என்ற செந்நிறப் பாறை, சீட்டுக்கட்டைச் சாய்த்து வைத்தது போல மெல்லிய அடுக்குகளாக நிற்கும். டைனோசர்கள் உலவிய காலத்தில் பசிபிக் பெருங்கடலின் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத ரேடியோலேரியா என்ற உயிர்களின் கண்ணாடி போன்ற கூடுகள் மழையாக விழுந்து படிந்து இறுகிய பாறை அது. பிறகு நிலத்தட்டு நகர்ந்து அதைக் கரையோடு ஒட்டவைத்துவிட்டது. டைனோசர் என்ற சொல்லுக்கு எட்டு வயதுப் பையன் நிற்காமல் போவானா? கல்லை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது.

கேள்வி: கொயோட்டி என்றால் ஓநாய் இனம்தானே? அங்கு தனியாக நடப்பது பாதுகாப்பா? (சென்னை வாசகர்)

பதில்: நம் குள்ளநரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவம். உங்களைக் கண்டால் அதுவாகவே விலகிப் போகும்; ஓடாமல் நின்று, குரல் கொடுத்தால் போதும். எனக்கு அதைவிடக் கவலை தருவது செடி ஒன்று. விஷ ஓக் என்று அதற்குப் பெயர்; ஒரு காம்பில் மூன்று இலை, இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவக்கும். நம் மாமரமும் முந்திரி மரமும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான். முந்திரிக் கொட்டையின் தோல் எண்ணெய் பட்டுக் கை வெந்தவர்களுக்கு இதன் குணம் புரியும். புல்லுக்குள் உண்ணியும், வெயில் நாளில் பாதையோரம் பாம்பும் இருக்கக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அதே நாளில் அருகில் வேறு எதையாவது பார்த்துவிட்டு வரலாமா? (பெங்களூரு வாசகி)

பதில்: சில நிமிடக் கார்ப் பயணத்தில் ஆர்டன்வுட் வரலாற்றுப் பண்ணை இருக்கிறது. மேலே சொன்ன பேட்டர்சன் 1857இல் கட்டிய வீடும் அவருடைய பண்ணையும்தான் அது. 1985இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, பழைய முறை உழவையும் கால்நடைகளையும் காட்டும் இடமாக நடத்தப்படுகிறது. குளிர்காலத்தில் அங்குள்ள யூக்கலிப்டஸ் தோப்பில் மொனார்க் பட்டாம்பூச்சிகள் கொத்துக் கொத்தாகத் தங்கும். எல்லா ஆண்டும் ஒரே எண்ணிக்கையில் வருவதில்லை. ஆனால் பெற்றோரோடு போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். காலையில் கோரைப் படகையும் பலகைப் பாதையையும் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பார்வையாளர் மையத்துக்கு அருகில் உள்ள மேசையில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு, காற்று கிளம்புவதற்கு முன் வீடு திரும்பிவிடுங்கள். ஆர்டன்வுட்டை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அது திங்கட்கிழமையாக மட்டும் வேண்டாம், அன்று பண்ணைக்கு விடுமுறை.